அபிக்கு எந்த டிகிரி?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தமிழு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பட்டாணி அக்கா முதுநகருக்கே வீடு மாறிவிட்டாள். நீ சொன்ன காரணம்தான், நேரில் பேசிக்கொள்வோம். போனில் என்றால் பாதிப் பேச்சில் ஷிஃப்ட் என்று ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அபி சைபர் செக்யூரிட்டிதான் படிப்பாளாம். எதிர்வீட்டு சாரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டி உட்கார வைத்தார்களே, அன்றைக்கு போனைப் பிடுங்கி கட் பண்ணி, சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் பேச வைத்தது இவள்தான். போன பணத்தில் கொஞ்சத்தையாவது பேங்கில் முடக்கி வைத்தார்கள். அன்றிலிருந்து இதே பேச்சு. வெளியூர் அனுப்பும் நிலையில் நான் இல்லை, உனக்கே தெரியும். காலையில் கடையும் அவள் பொறுப்பு. ஆன்லைன் டிகிரிதான் வழி.

ஒரு இடத்தில் நம்பர் கொடுத்தோம், அவ்வளவுதான். தினம் ஒரு 'கவுன்சலர்' கூப்பிடுகிறார். ஒருவர் ஆன்லைனிலேயே பி.டெக் என்றார். இன்ஜினியரிங் பட்டத்தை ஆன்லைனில் தர யுஜிசி விதியில் இடமே கிடையாது! இன்னொரு அம்மா, டிகிரி முடிக்கும்போதே சிஐஎஸ்எஸ்பி என்ற பெரிய செக்யூரிட்டி சான்றிதழ் கையில் இருக்கும் என்றார். அந்தச் சான்றிதழுக்கு 5 வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். டிகிரி இருந்தால் ஒரு வருஷம்தான் குறையும். 17 வயசுப் பிள்ளையிடம் இப்படிப் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ. வயிறு எரிகிறது, தமிழு.

அபியே யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கும், சேரும் வருஷத்துக்கும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நேரில் படித்த டிகிரிக்குச் சமம் என்று 2022-லேயே அறிவித்துவிட்டார்கள்.

சலித்துச் சலித்து இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, பெயரிலேயே சைபர் செக்யூரிட்டி உள்ள பிசிஏ. இன்னொன்று வெறும் பிசிஏ. முதலாவதில் எடுத்த எடுப்பிலேயே எத்திகல் ஹேக்கிங். நெட்வொர்க்குக்கு ஒரே ஒரு பேப்பர், லினக்ஸைத் தேடினாலும் காணோம். இரண்டாவதில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கணிதம் எல்லாம் நின்று நிதானமாக வருகின்றன. என் மனசு இரண்டாவதில்தான். நெட்வொர்க்கில் டேட்டா பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாதவள், நடுவில் ஒருவன் புகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பாள்? டிகிரியோடு மூன்றாம் வருஷம் செக்யூரிட்டி பிளஸ் என்ற ஆரம்பநிலை சான்றிதழ் தேர்வும் எழுதட்டும். கைப்பழக்கத்துக்கு அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பழைய லேப்டாப்பில் நெட்வொர்க்கில் போகிற டேட்டாவைக் காட்டும் வயர்ஷார்க் போட்டு, நம் வீட்டு வைஃபையில் அந்த லேப்டாப் எங்கெங்கே பேசுகிறது என்று ராத்திரி எனக்குக் காட்டினாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்கோ டிகிரியில் சைபர் செக்யூரிட்டி என்ற பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள் என்கிறாள். இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். உங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமேயில் 'ஆன்லைன்' என்று இருந்தால் ஒதுக்கி வைக்கிறீர்களா? யுஜிசி சமம் என்று சொன்னது எனக்குப் போதும், உங்கள் எச்ஆருக்குப் போதுமா? நைட் ஷிஃப்ட் உன் உடம்பை என்ன பண்ணியது என்பதையும் மறைக்காமல் எழுது. என்னைச் சமாதானப்படுத்த எதுவும் சொல்லாதே.

இரண்டு சிலபஸையும் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நம் கெமிஸ்ட்ரி மேடம் மாதிரி சிவப்பு மையில் தாராளமாகக் கிறுக்கு. அட்மிஷன் முடிவதற்குள் வரட்டும்.

அன்புடன்,
வசந்தி