காலை எட்டரைக்கு மழைமானி பார்த்தவர்களுக்கு

கோத்தகிரிக்குக் கீழே, பூண்டும் தேயிலையும் மாறி மாறி வரும் அந்தச் சரிவில், கல்தூள் ஆய்வுக்காக வந்த எங்களை இரண்டு வருடம் பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி மண் மாதிரியைப் போன வாரம் எடுத்தோம். அன்றைக்கு நல்ல மழை. மாதிரிப் பைகளை நனையாமல் வண்டியில் ஏற்றுவதிலேயே நேரம் போய்விட்டது. வாசலில் நின்ற உங்களுக்குக் கையசைத்ததோடு சரி, சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நிலம் தந்த ஐயாவுக்கு. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம், உங்கள் தோட்டத்தில் கல்தூள் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றவர்களை வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள். "கல்லு தானா மண்ணாகும். அதுக்கு நீங்க எதுக்கும்மா?" என்று கேட்டீர்கள். மழைத்துளி விழும்போதே காற்றிலிருக்கும் கரியமில வாயுவில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்கிறது, மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்கிறது, சோடா மாதிரி லேசான அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது என்று சொன்னேன். பாறையிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் வெளியே வரும். வாயு பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரோடு போய்விடும். சோடா உப்பில் இருப்பதும் அந்தப் பைகார்பனேட்தான். உங்கள் ஓடையில் இறங்கினால் பவானி, கூடுதுறையில் காவிரி, அப்புறம் பூம்புகாரில் கடல். அங்கே ஆயிரக்கணக்கான வருடம் தங்கும்.

உங்கள் காலடியில் இது எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீலகிரியின் சார்னோக்கைட் பாறை சிவப்பு மண்ணானது இப்படித்தான். உலகம் முழுக்கப் பாறைகள் இவ்வாறு இழுத்துக்கொள்ளும் வாயு வருடத்துக்குச் சுமார் 100 கோடி டன். நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியே விடுவதோ 3,500 கோடி டன்னுக்கு மேல். கல்லை மாவாக அரைத்தால் மழை தொடும் பரப்பு பல மடங்காகும், பாறை ஆயிரம் வருடத்தில் செய்வதைச் சில வருடங்களுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறோம் என்றேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, பூண்டு எடுத்த பிறகு போடுங்க" என்றீர்கள்.

அன்றைக்கு நாங்கள் எழுந்திருக்கும்போது நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வியை நான் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "லாரி அவ்வளவு தூரம் விடுற புகையை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" இந்த மலையின் பாறை மெதுவாகக் கரையும் என்பதால், கிருஷ்ணகிரிப் பக்கத்து டோலரைட்டைக் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தோம். கருப்பு கிரானைட் என்ற பெயரில் கல்லறைக்கும் தரைக்கும் போகிற கல், அதில் ஒதுக்கிப்போட்ட துண்டுகளை அரைத்த தூள். இந்த வகைக் கல் ஒரு டன் முழுதாகக் கரைந்தால், கணக்குப்படி காற்றிலிருந்து 300 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளலாம். வயலில் அவ்வளவு ஒருபோதும் கிடைக்காது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்கு வாயு வெளியே வருகிறது. அரைக்கும் மின்சாரம் தனி. இதையெல்லாம் கழிக்காமல் எழுதும் கணக்கு பொய்க்கணக்கு. நீங்கள் கேட்டதால், முதல் நடையிலிருந்தே கழித்தோம்.

அந்தக் கழித்தலுக்கு உதவிய லாரி டிரைவர் அண்ணனுக்கு நன்றி. ஒவ்வொரு நடைக்கும் டீசல் பில்லை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கிளம்பிய இடத்தின் கிலோமீட்டரைப் பின்பக்கம் பேனாவால் எழுதித் தந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து நின்ற ராத்திரி, தூள் நனைந்தால் கட்டியாகிவிடும் என்று தன் போர்வையையும் தார்ப்பாய்க்கு மேல் போட்டிருந்தார். லாரி இறங்காத பாதையில் மூட்டைகளைத் தலையில் சுமந்த அக்காக்களுக்கும் நன்றி.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பாத்தியில் தூளை உலர்ந்தபடியே விசிறினோம். காலையில் காற்று இல்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டோம். பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் வெள்ளையாகப் படிந்தது. ஒருவருக்கு இருமல் நிற்கவே இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அக்கா நேராக மேலே ஏறி வந்தார். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்து, அந்தத் துணியை எங்கள் முன்னால் விரித்துக் காட்டினார். "எங்க வீட்டுக்காரர் கிரஷர்ல வேலை பார்த்தவரு. இந்தத் தூசி எனக்குத் தெரியும்" என்றார்.

நுண்ணிய கல்தூசி வருடக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அந்த நோயைத் தரும் குவார்ட்ஸ் டோலரைட்டில் குறைவுதான். அது எங்களுக்குச் சமாதானம் ஆகாது. அன்றைக்கே வேலையை நிறுத்தினோம். பூவாளியால் தண்ணீர் தெளித்து, புட்டுமாவு பதத்தில் பிசிறிப் போடும் வழியைச் சொல்லித் தந்ததும் அதே அக்காதான். அதற்குப் பிறகு ஒரு பாத்திகூட உலர் தூளால் போடவில்லை. அக்கா, உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இங்கே எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

பூண்டைத் தின்னலாமா, கல்லில் விஷம் இருக்குமா என்று கேட்ட அம்மாவுக்கும் நன்றி. சில கற்களில் நிக்கலும் குரோமியமும் அதிகம் இருக்கும். இந்தத் தூளை நிலத்தில் போடும் முன்பே சோதித்திருந்தோம். உங்கள் கேள்விக்குப் பிறகு ஒவ்வொரு அறுவடையிலும் பூண்டையும் சோதித்தோம்.

பாட்டியையும் பேத்தியையும் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு இடம் போதாது. மழை அளவை நாடு முழுக்கக் காலை எட்டரைக்குத்தான் எடுப்பார்கள். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அதை எழுதியவள் ஏழாவது படிக்கும் பேத்தி. பஸ் அதற்கு முன்னாலேயே போய்விடும் என்பதால், பள்ளி நாட்களில் பாட்டி அளவுக்குழாயைப் பார்த்துக் கோடு எத்தனை என்று மனதில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சொல்லி எழுத வைத்தார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஹெத்தை அம்மன் பண்டிகையன்றும் வெள்ளைச் சேலையோடு மழைமானிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

மண்ணுக்கடியில் புதைத்த குழாய்களில் சேரும் தண்ணீரை அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் சோதிப்போம். நிறங்காட்டி ஊற்றினால் தண்ணீர் நீலமாகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு சொட்டில் பச்சையாகும். எத்தனை சொட்டு என்பதுதான் பைகார்பனேட்டின் அளவு. பாட்டி எதிரில் உட்கார்ந்து, "இன்னும் ஒண்ணு… இன்னும் ஒண்ணு" என்று எண்ணுவார். தேயிலைக் காட்டுத் தண்ணீர் சீக்கிரம் நிறம் மாறுகிறது, பூண்டுக் காட்டுத் தண்ணீர் தாங்குகிறது என்று முதலில் சொன்னவர் அவர். நாங்கள் அட்டவணை போடுவதற்கு முன்பே சொன்னார். காரணம் இதுதான். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் வாங்கி வாங்கிப் புளித்துப்போன தேயிலை மண்ணில், உரத்திலிருந்து வரும் அமிலமே கல்லைத் தின்றுவிடுகிறது. கல் கரைகிறது, மண்ணின் புளிப்பு குறைகிறது, ஆனால் காற்றிலிருக்கும் வாயுவுக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை. கரைந்த கல்லையெல்லாம் கரியமில வாயுக் கணக்கில் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

காட்டெருமைகள் இரண்டு முறை குழாய்களை மிதித்து உடைத்தன. இரண்டு முறையும் நாங்கள் வந்து சேர்வதற்குள் புதுக் குழாய் நட்டு, சுற்றிலும் முள் வைத்திருந்த இளைஞர்களுக்கு நன்றி. வெளியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய பாட்டில்கள் குளிர்பெட்டியில் வைக்கப்படாமல் கெட்டுப்போனபோது, நான் போனில் அழுததைக் கேட்டுவிட்டு, கொட்டும் மழையில் இறங்கி மறுபடி நிரப்பித் தந்தவர்களும் நீங்கள்தான். அன்று எங்களுக்கு அவரைக்கொட்டைக் குழம்பு வைத்த வீட்டை நான் மறக்கமாட்டேன்.

கணக்கு முடிந்ததும் வேறெங்கும் வெளியிடுவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசிப்போம். நிலம் தந்த ஒவ்வொருவருக்கும் மண் பரிசோதனைத் தாள் தனியாக வரும். குறைவாக வந்திருந்தால் குறைவு என்றே எழுதியிருக்கும்.

குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டோம். மழைமானியை மட்டும் எடுக்கவில்லை, அது பேத்திக்கு. புனலில் சில்வர் ஓக் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் எடுத்துப் போட்டுவிடு, கண்ணு. நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில்,
உங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொட்டு எண்ணிய ஆய்வு மாணவி