விழாவிட்டால் மைதானத்துக்கு

தமிழ்நாடு அரசின் உள்துறைக்கும் விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கும்,

வணக்கம். கல்லூரி விளையாட்டுக்கு நிதி திரட்டும் குலுக்கல் சீட்டுக்கு வரிசை எண் அடிக்க வேண்டும் என்றதுமே அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார். "நன்கொடை ரசீதுன்னா போட்டுத் தரேன், குலுக்கல்னா வேணாம் சார்." அவர்மேல் தவறில்லை. லாட்டரி குலுக்க இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு. மாநில அரசு அனுமதித்த குலுக்கலுக்கு மட்டும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. நாங்கள் கேட்பது அந்த அனுமதியைத்தான். கல்லூரி விளையாட்டுக்கும் உதவித்தொகைக்கும் நடத்தும் குலுக்கலுக்கு ஒரு விதியும் ஒரு விண்ணப்பப் படிவமும் போடுங்கள்.

எங்கள் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் தூக்கியபோது ஊரே கொண்டாடியது. அதே ஊரில் கல்லூரி மாணவிகள் ஆண்களுக்கான 20 கிலோ பாரில், அதாவது எடைத் தட்டு மாட்டும் இரும்புக் கம்பியில், பழகுகிறார்கள். பெண்கள் பார் 15 கிலோ, தடிமன் 25 மில்லிமீட்டர். ஆண்கள் பார் 28. அந்த மூன்று மில்லிமீட்டரில் சின்னக் கைக்குப் பிடி நழுவும். பாரின் முனைக்குழல் சுழலாமல் இறுகிவிட்டால் தட்டுகளின் திருகல் நேரே மணிக்கட்டில் இறங்கும். ரப்பர் தட்டு வெடித்துப்போய் இரும்புத் தட்டு மாட்டினால் மேடைப் பலகை உடையும். பலகையைக் காப்பாற்ற, தலைக்குமேல் தூக்கிய எடையைக் கீழே போடாமல் கையாலேயே இறக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகு போவது அங்கேதான். இதையெல்லாம் மாற்றப் பணம் திரட்டத்தான் குலுக்கல்.

2003இல் லாட்டரியைத் தடை செய்தது சரி. ஒரு நம்பர் லாட்டரிச் சீட்டு என்ன செய்தது என்று வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கெடுத்தது அன்றாடக் குலுக்கலும் ஏஜெண்ட் கமிஷனும். நாங்கள் கேட்பது ஆண்டுக்கு ஒன்று, ஏஜெண்ட் கிடையாது. 50 ரூபாய்ச் சீட்டு 4,000 விற்றால் 2 லட்சம். பரிசுக்கு 40,000, அச்சுக்கூலி போக மீதி மைதானத்துக்கும் மாணவர் கட்டணத்துக்கும். திருட்டு நடப்பது விற்காத சீட்டில்: அதன் அடிக்கட்டையும் பெட்டிக்குள் போனால் பரிசு நடத்துகிறவருக்கே விழும். ஆகவே வட்டாட்சியர் முன்னால் அவற்றை எண்ணி, துளையிட்டு, ஒதுக்கிய பிறகே குலுக்க வேண்டும். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 விழுக்காடு வரிப் பிடித்தம் வரும். சைக்கிள், ஆரணிப் பட்டு என்று அதற்குள் நிறுத்தலாம். முப்பது நாளில் தணிக்கை செய்த கணக்கு அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும்.

அரசே ஊர்தோறும் மதுக்கடை நடத்தலாம், குடும்பம் கவிழாது. கல்லூரி சைக்கிள் குலுக்கினால் கவிழ்ந்துவிடும் போலும். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கி வைத்தவர் அண்ணா. பக்கத்துக் கேரளம் காருண்யா லாட்டரி நடத்தி ஏழை நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தது.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. லாட்டரியைத் திறந்துவிடச் சொல்லவில்லை. 297ஆம் பிரிவு சொல்லும் அந்த அனுமதிக்கு ஒரு படிவம், அடுத்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளுக்கு முன்பாக. தயவுசெய்து தாருங்கள். கைக்கு வந்ததும் முதலில் அந்த அச்சகக்காரரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும்,
வேலூர்