ஒன்பதாம் மாதம் வரை இருக்காதே

கடலூர்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. "இரண்டு மணி நேரப் பயணம்தானே அம்மா, பிரசவத்துக்கு ஒன்பதாம் மாதம் வந்துவிடுகிறேன்" என்று நேற்று போனில் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து அந்தமானில் நீ இருக்கும் போர்ட் பிளேருக்கு ஆகாய வழியில் 1,370 கிலோமீட்டர். விமானம் இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. உன் மாமா மூன்று நாள் கப்பலில் படுத்த படுக்கையாகப் போனதை நினைத்தால் இது பெரிய வரம்தான். ஆனால் போன ஆடியில் நான் உன்னைப் பார்க்கக் கிளம்பிய கதையை மறந்துவிட்டாயா? இரவு பஸ் பிடித்து விடியற்காலையில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். முறுக்கு டப்பாவை நொறுங்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். தீவை நெருங்கியபோது ஒரே மழை, ஓடுபாதை தெரியவில்லை என்று வட்டமடித்தார்கள். பக்கத்தில் வேறு ஊரில் போய் இறங்கவும் வழியில்லை, சுற்றிலும் கடல். அதனால் அங்கே போகும் விமானம் திரும்பி வரவும் சேர்த்தே எரிபொருள் ஏற்றிக்கொள்ளுமாம். ஐந்து மணி நேரம் கழித்து அதே மீனம்பாக்கத்தில் இறங்கினேன். நீயோ அங்கே குடையோடு நின்றுகொண்டிருந்தாய். கால் வீங்கி எனக்குச் செருப்பு நுழையவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு உனக்கு அப்படி ஒரு நாள் வேண்டாம் கண்ணு.

மார்கழிப் பிறப்பில் நாள் குறித்திருக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் என்றால் ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. அந்தமான் கடலில் தாழ்வு நிலை என்று வானொலி சொல்லாத வாரம் உண்டா அப்போது? உன் பக்கம் உருவாவது பல நேரம் நம் பக்கம்தான் வருகிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கொல்லைப் பலாவை வேரோடு சாய்த்ததை நீ ஜன்னலில் நின்று பார்த்தவள். இன்னொன்று, 32 வாரம் தாண்டினால் விமானத்தில் மருத்துவர் சான்று கேட்பார்கள், 36 வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். ஒரு விமானம் ரத்தானால் நீ அங்கேயே நின்றுவிடுவாய்.

அப்பா அட்லஸை விரித்துக் காட்டினார். கடலூரும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையாம். சில்வர் பீச்சில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், 1,400 கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால் நீ இருக்கிறாய். கடிகாரம் நம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் சூரியன் உன்னிடம் 50 நிமிடம் முன்னால் வந்துவிடுகிறது. நான் இருட்டில் வாசல் தெளிக்கும்போது உன் வீட்டில் வெயில் விழுந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு தினமும் கோலத்தைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஒரு முறை பார்க்கிறேன்.

ஆவணி முடிவதற்குள் வளைகாப்பை வைத்துக்கொள்ளலாம். ஏழாம் மாதமும் ஆகியிருக்கும். அதற்கு நான்கு நாள் முன்னதாகவே டிக்கெட் எடு. அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டாலும் மறுநாள் ஏறி வர இடமிருக்கும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அப்பா வந்து அழைத்துக்கொள்வார். மீனம்பாக்கத்துக்குக் கார் பேசிவிடுகிறோம், பஸ் வேண்டாம்.

வளையல்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். பழைய இரண்டு நாலு அளவு இன்னும் கையில் நுழைகிறதா, இல்லை இரண்டு ஆறு வாங்கட்டுமா? அதை மட்டுமாவது உடனே எழுது.

அன்புடன்,
அம்மா