முதலில் கொல்லை, அப்புறம் வயல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் நலம். கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது.

வேலையை விட்டுவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி, நஞ்சில்லாமல் பயிர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய் என்றுதான் சொல்வேன். நிலத்தை மட்டும் இப்போதே வாங்காதே. ஒரு வருடம் சின்னதாக ஒரு இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் விளைவித்துப் பார். நாங்கள் மன்னார்குடிப் பக்கம் வந்தபோது அப்பாவின் வயல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கையில் இருந்தது. இருந்தும் முதல் வருடம் முழுக்கக் கொல்லையில்தான் பாடுபட்டோம். வயலில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற பருவத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுததோடு சரி. காலம் காலமாக யூரியா வாங்கிப் பழகிய மண்ணுக்கு அந்த அவகாசம் வேண்டும்.

உழைப்பைப் பற்றி நீ நிறைய யோசித்திருக்கிறாய், அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் உன் வீட்டில் முதலில் மாறப்போவது சாப்பாடு. சென்னையில் என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவோம். இங்கே மாதம்தான் முடிவு செய்கிறது. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை கொடி வீசிப் படரும், காய் மட்டும் தராது. பகல் குறுகிப் பனி இறங்கிய பிறகுதான் பூக்கும். அப்புறம் மார்கழி, தை முழுக்க அவரைதான்: பொரியல், கூட்டு, சாம்பார், மறுபடி பொரியல். பீர்க்கும் புடலையும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். இப்போது போன்ற அடைமழையில் கீரை அழுகிப்போகும். வெயில் காலத்தில் போட்டு வைத்த வத்தலும் வடகமும், வாழைப்பூவும் தண்டும்தான் கைகொடுக்கும். கேரட், காலிஃபிளவர் எல்லாம் எங்கள் களிமண்ணில் பேச்சே இல்லை. வெங்காயமும் துவரம்பருப்பும் இன்றைக்கும் கடையில்தான் வாங்குகிறோம். பிள்ளைகள் முதல் வருடம் முகம் சுளித்தார்கள். இப்போது மொச்சை எப்போது வரும் என்று அவர்களே கேட்கிறார்கள். இந்த மாற்றத்தை உன் வீட்டார் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்கத்தான் ஒரு வருடம் என்கிறேன். மண்ணைவிட அதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது.

வயலில் இப்போது மாப்பிள்ளைச் சம்பா நிற்கிறது. 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். எனக்கு அதில் தனி ஆசை. நம் ஊர் நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமனின் ஆதிரெங்கம் திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான், எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். அப்படித்தான் அந்த ரகங்கள் இத்தனை வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில், இந்த வயல்களுக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்கும் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா போனார். இந்த வயல்கள் இன்னும் வயல்களாக இருப்பதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே வந்த பிறகுதான் அது எனக்கு முழுசாக உறைத்தது.

பணத்தைப் பற்றிக் கேட்டாய். முதல் சில வருடம் வயலிலிருந்து வருமானம் என்று எதையும் கணக்கில் வைக்காதே. களை எடுக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. ரசாயனத்தை நிறுத்தியதும் விளைச்சல் இறங்கும். நாங்கள் நெல்லாக விற்பதில்லை. அரிசியாக்கி, தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கிறோம். ஏதாவது ஒரு சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலையை விட வேண்டாம். இடம் பார்க்கும்போது சித்திரை, வைகாசியில் போய்ப் பார். கிணற்றில் அப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதுதான் கணக்கு. மழைக்காலத்தில் எந்த இடமும் பச்சையாகத்தான் தெரியும்.

தை மாதம் ஒரு வாரம் லீவு போட்டு வா. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். நெல்லை அறுத்த பிறகு வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும், தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். அதை நீ உன் கையால் தெளிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய புடவை இரண்டு எடுத்து வா, சேறு போகாது. எழும்பூரில் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மன்னார்குடி. டிக்கெட் எடுத்ததும் தேதி சொல், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். கொல்லை அவரை விதையும் புடலை விதையும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், போகும்போது கொண்டு போகலாம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி