குடிநீர் கேட்டவர்கள் மீதான வழக்கைக் கைவிடக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: தெற்குத் தெரு பெண்கள்
பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். இதே விஷயமாக ஜூன் மாதமும் செப்டம்பர் மாதமும் தங்கள் அலுவலகத்தில் நேரில் வந்து மனு கொடுத்தோம். ரசீது இரண்டும் கையில் இருக்கிறது. பதில்தான் வரவில்லை. தாங்கள் தயவுசெய்து இதையாவது முழுவதும் படிக்க வேண்டும்.

1. போன சித்திரையில் எங்கள் தெருவுக்கு 22 நாள் தண்ணீர் வரவில்லை. ஒன்றிய அலுவலக வாசலில் காலிக்குடத்தோடு நிற்க ஐந்து நாள் முன்பே அனுமதி கேட்டோம். காவல் சட்டம் 30(2), அதாவது அனுமதியில்லாமல் கூட்டம், ஊர்வலம் கூடாது என்ற உத்தரவு, அமலில் இருக்கிறது என்று போலீசார் மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் போய் நின்றோம். ரோட்டில் ஒரு குடம்கூட வைக்கவில்லை. அரை மணி நேரத்தில் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் இரவு எட்டு மணி வரை வைத்திருந்தார்கள்.

2. நாலாம் நாள் ஒரு பெரிய கட்சி நாலு ரோட்டை இரண்டு மணி நேரம் மறித்தது. அன்றைக்கும் அதே 30(2)தான். ஆஸ்பத்திரிக்கு அதை விட்டால் வழி கிடையாது என்பது தங்களுக்கே தெரியும். போலீசே தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம் அதே மண்டபத்தில் சாப்பாடு போட்டு மூன்று மணிக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை. அவர்கள் மீது வழக்குப் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களையும் அப்படியே அனுப்பியிருக்கலாமே?

3. எங்கள் 14 பேர் மீது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 223 (அதிகாரியின் உத்தரவை மீறியது) பிரிவுகளில் வழக்கு இருக்கிறது. அதில் ஒரே ஆண்பிள்ளை, இந்த மனுவை எழுதும் என்னுடைய தங்கச்சி மகன், வயது 23. கோஷம் போடவில்லை, கூட்டத்தில் நிற்கவும் இல்லை. மொபெட்டில் குடங்களைக் கொண்டுவந்து இறக்கினான். அவனைக் கூப்பிட்டது நான். ஐடிஐயில் வெல்டர் படித்தவன். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. ஏஜெண்டுக்குக் கட்ட அவன் அம்மா தாலிச்செயினை அடகு வைத்தாள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர், "உன் பேரில் கேஸ் நிலுவையில் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனார். ஏஜெண்ட் இரண்டு மாதம் பார்த்தார், அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அவன் செங்கல் சூளைக்குப் போகிறான். என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. என் தங்கச்சியும் என்னோடு பேசுவதில்லை ஐயா.

4. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவுதான் இப்போது 223. அந்தப் பிரிவில் போலீசார் தாங்களாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அமைதியாகக் கூடி நின்றதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இதைப் போன மனுவிலேயே எழுதினோம். யாராவது படித்தார்களா? ஜல்லிக்கட்டு, குடியுரிமைச் சட்டம், கூடங்குளம் போராட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றை 2021-ல் அரசே திரும்பப் பெற்றது. நல்லது, பெற வேண்டியதுதான். ஆனால் எங்களுக்குப் பின்னால் கட்சி இல்லை, கொடி இல்லை, அன்றைக்கு ஒரு டிவிக்காரர்கூட வரவில்லை. தண்ணீர் கேட்டதற்குப் போட்ட வழக்கு மட்டும் அப்படியே கிடக்க வேண்டுமா?

5. அந்தப் பையன் பெயரையாவது முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் பெயர் கிடந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகவே, இந்த வழக்கில் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக நீதிமன்றத்தில் அறிக்கை கொடுக்கவும், அதன் நகலை எங்களுக்குத் தரவும் உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தெற்குத் தெரு பெண்கள்
(13 கையெழுத்து, ரசீது நகல் 2 இணைப்பு)