நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நேற்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதிக் கொடுத்தால் பாடக்குறிப்பு நோட்டுக்குள் மடித்து வைத்து என்றைக்காவது எடுத்துப் பார்ப்பாய்.

நீ பாடம் எடுக்கிற மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் நூற்றி ஐந்தை 1005 என்று எழுதுகிறார்கள், ஒன்று பத்து நூறு கட்டம் போட்டுப் போட்டுக் காட்டினாலும் மறுநாள் அதே கதைதான் என்று அலுத்துக்கொண்டாய். அந்தப் பிள்ளைகளை மக்கு என்று மட்டும் நினைத்துவிடாதே. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 1005 தானே வரும்? நம் ஆட்களே ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்ணில் நூற்றுக்கு ௱ என்று தனி எழுத்து, ஐந்துக்கு ௫. நூற்றைந்து ௱௫. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்றால் ௨௲௩௱௪௰௫. வாய் சொல்வதை அப்படியே ஓலையில் இறக்கிவிடலாம், சுழிக்கு, அதுதான் பூஜ்யத்துக்கு, அங்கே வேலையே இல்லை.

இடத்தை வைத்து மதிப்பைச் சொல்வது வேறு சங்கதி. ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தைப் போல் பத்து மடங்கு என்று ஆரியபட்டர் எழுதியது கி.பி. 499 வாக்கில். சுழியை வைத்துக் கூட்டவும் கழிக்கவும் பிரம்மகுப்தர் விதி எழுதியது 628-இல். குவாலியர் கோட்டையில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு விட்ட பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், நாளுக்கு 50 மாலை என்று இன்றைக்கு நாம் எழுதுவதுபோலவே சுழியோடு வெட்டியிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்களுக்கே இத்தனை நூற்றாண்டு பிடித்ததை, எட்டு வயசுப் பிள்ளை ஜூலைக்குள் முடிக்க வேண்டும் என்கிறாய் நீ.

முதலில் அவர்கள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார். பதினாறு புளியங்கொட்டையை ஒரு பிள்ளைக்கு முன்னால் போட்டு எண்ணச் சொல். எண்ணியதைச் சிலேட்டில் எழுதச் சொல். 16 என்று சரியாக எழுதுவான். 6-ஐ வட்டம் போட்டு, இது எந்தக் கொட்டை, காட்டு என்றால் ஆறை ஒதுக்கி வைப்பான். அப்புறம் 1-ஐ வட்டம் போட்டுக் கேள். ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டுவான். மிச்சம் ஒன்பது கொட்டை நடுவில் அநாதையாகக் கிடக்கும், அது அவனை உறுத்தவே செய்யாது. கான்ஸ்டன்ஸ் காமி என்ற கல்வியாளர் 1980களில் அமெரிக்கப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார். அங்கேயும் நிறையப் பேர் ஒன்றைத்தான் காட்டினார்கள். இந்தப் பையனிடமே "16-இல் 1 எந்த இடத்தில் இருக்கிறது" என்று கேட்டுப் பார், "பத்துகள் இடத்தில் டீச்சர்" என்று டாண் என்று சொல்வான். கட்டம் போட்டுக் கேட்கும் கேள்வியை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கட்டத்தின் தலைப்பைப் படிக்கத் தெரிந்தால் போதும், பத்து என்றால் என்னவென்று தெரியாமலே முழு மார்க் வாங்கிவிடலாம்.

அதனால் கட்டத்தை அழித்துவிட்டு ஒரு பெரிய ஈர்க்குமாறு வாங்கு. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துக் கூடை நிறைய வை, கூடவே ரப்பர் பேண்ட். ஒரு விஷயம், பத்துப் பத்துக் குச்சிக் கட்டுகளை நீ வீட்டில் உட்கார்ந்து அழகாகக் கட்டி எடுத்துக்கொண்டு போகாதே. டீச்சர் கட்டிக் கொடுத்த கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது பிள்ளைக்கு வெறும் கேள்விப்பட்ட சேதி. அவனே எண்ணி, அவனே ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். எவனாவது ஒருத்தன் சந்தேகப்பட்டு அவிழ்த்து மறுபடி எண்ணுவான். நேரம் போகிறதே என்று அவனை அதட்டாதே, வகுப்பிலேயே அவன்தான் ஒழுங்காகப் படிக்கிறான்.

34 குச்சி கொண்டுவா என்று சொல். ஒரு பிள்ளை முப்பத்து நாலையும் உதிரியாக எண்ணிக்கொண்டு வரும், இன்னொன்று மூன்று கட்டும் நாலு உதிரியும் கொண்டுவரும். யார் சரி என்று கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள். சண்டை போட்டு, எண்ணி, இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களே வந்து சேரட்டும். அதற்கப்புறம் நீ இரண்டு கட்டையும் பதினாலு உதிரியையும் எடுத்து வைத்து, இது எத்தனை என்று கேள். இந்த மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான டீச்சர்கள் கேட்பதே இல்லை. பிற்பாடு கழித்தல் கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

பத்துக் கட்டு சேர்ந்தால் பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரே கட்டாகக் கட்டச் சொல். அந்த நூறைப் பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்க வேண்டும், ஒற்றைக் குச்சியை இன்னொரு தரம் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு வகுப்பே சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும், உட்காரட்டும்.

சில்லறைக் காசும் ரூபாய்த் தாளும் அப்புறம். பிள்ளைக்குக் கடை பழக்கம்தான், ஆனால் பத்து ரூபாய்க் காசு ஒரு ரூபாய்க் காசைப் போல் பத்து மடங்கு பெரிதாகவா இருக்கிறது? பெரியவர்கள் சொன்னார்கள் என்று நம்பி வாங்கிக்கொள்கிறது. குச்சிக் கட்டைப் பார்த்த பிறகு தாளுக்குப் போனால் சரியாக இருக்கும்.

நம் ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆயிரத்தை நான் மெனக்கெட்டுச் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள், கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு. நூறு குறைந்தால் எவ்வளவு போகும் என்று பள்ளிக்கூடம் சேரும் முன்னாலேயே அதுகளுக்குத் தெரியும். உனக்கு அங்கே கர்நாடக எல்லையில் தளிப் பக்கம் பீடி கிடையாது, ரோஜா இருக்கிறது. இருபது இருபதாகக் கட்டுகிறார்கள் என்று நீதானே சொன்னாய். ஐந்து கட்டு நூறு என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பாலோடு வந்த பாடம். ஒரு கட்டில் எத்தனை பத்து, நூறில் எத்தனை பத்து, 260 பூ இருந்தால் எத்தனை கட்டு என்று அதிலிருந்தே கேள்.

இனி அந்த 1005. காலண்டர் அட்டைகளை எடுத்து வெட்டிக்கொள். 100, 200 என்று 900 வரை மூன்று கட்ட அகலத்தில் ஒன்பது அட்டை. 10 முதல் 90 வரை இரண்டு கட்ட அகலத்தில் ஒன்பது. 1 முதல் 9 வரை ஒரு கட்டம். 100 அட்டையைக் கீழே வைத்து, 5 அட்டையை அதன் மேல் வலது ஓரத்தோடு ஓரமாகப் பொருத்து. கடைசிச் சுழி மறைந்து 105 தெரியும். 5-ஐத் தூக்கிப் பார்த்தால் அடியில் நூறு முழுசாக அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் இதைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். நடுவில் சுழி எதற்கு என்று கேட்டால், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதுமாதிரி என்று சொல். பத்துகள் யாரும் வரவில்லை, ஆனாலும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. "சைபருக்கு மதிப்பே இல்லை" என்று ஒன்றாம் வகுப்பில் யாரோ சொல்லிவைத்தது இங்கேதான் காலை வாருகிறது.

உன் வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு, அதை நீ கவனித்தாயா தெரியவில்லை. கன்னடத்தில் 90 தொம்பத்து, 900 ஒம்பைநூறு. பத்தும் நூறும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. தமிழில் பார், 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். ஒன்பது பத்துக்குள் நூறு ஒலிக்கிறது, ஒன்பது நூறுக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. நூறு அவர்களுக்கும் நூறுதான், அதைக் கேட்டதும் பிள்ளை நூறைத் தேடிப் போகிறது. கொஞ்ச நாளைக்கு எல்லா எண்ணையும் இரண்டு விதமாகச் சொல்ல வை: தொண்ணூற்றி மூன்று, ஒன்பது பத்து மூன்று. நாற்பத்தேழு, நாலு பத்து ஏழு. வீட்டு மொழியில் சொன்னாலும் சொல்லட்டும், தடுக்காதே.

வராந்தாவில் துணிக்கொடி மாதிரி ஒரு கயிற்றுக் கொடி கட்டி ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 மாட்டு. 50 எங்கே, 98 எங்கே, 7 எங்கே என்று கிளிப் போடச் சொல். 7-ஐக் கொண்டுபோய் நடுவில் மாட்டுவார்கள், பார். அடுத்த வாரம் அதே கொடியில் 100-ஐக் கழற்றிவிட்டு 1000 மாட்டிவிட்டு, நூறு எங்கே என்று கேள்.

கழித்தலில் 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதுகிறார்கள் என்றாயே, 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்று சொல்லித் தந்தால் இப்படித்தான் ஆகும். பிள்ளைக்கு அது மந்திரம், ஒரு நாள் நினைவிருக்கும், மறுநாள் மறந்துபோகும். அதுவும் என்ன கடன் அது, வாங்கினால் திருப்பித் தருவதே இல்லை! ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி வேண்டும், கையில் இல்லை. அப்படியானால் ஒரு கட்டை அவிழ். நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. முன்னே சொன்ன அந்த மூன்றாவது கேள்விதான் இது. இப்போது ஏழை எடு, இரண்டு கட்டை எடு. இருப்பது இரண்டு கட்டு, ஐந்து உதிரி. கையால் அவிழ்த்த பிறகு சிலேட்டில் 5-ஐ அடித்து 4 போடுவது எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022-இலிருந்து பிள்ளைகளை அவரவர் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறீர்கள் இல்லையா, அது உனக்கு வசதிதான். பதினாறு கொட்டையில் ஒன்றைக் காட்டியவனை மூன்றாம் வகுப்பு என்பதற்காக மூன்று இலக்கத்துக்கு இழுக்காதே. கட்டுகளோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். உன் வகுப்பறையில் முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் திட்டக் காலத்தில் பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் போட்ட தாழ்நிலைக் கரும்பலகை இருந்தால் முன்னால் இருக்கிற பெஞ்சை எல்லாம் நகர்த்திவிடு. எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதினால், ஒரு சுற்று நடந்து வருவதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தப் பலகைக்காக நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

"352-இல் 5-இன் முகமதிப்பு என்ன, இடமதிப்பு என்ன" என்ற கேள்வி பரீட்சையில் வரத்தான் செய்யும். முகமதிப்பு 5, இடமதிப்பு 50 என்று பரீட்சைக்கு முந்தின வாரம் பழக்கினால் போதும்.

400-இலிருந்து 138-ஐக் கழிக்கிற கணக்கை இப்போதே போட்டுவிடாதே. உதிரியும் இல்லை, பத்துக் கட்டும் இல்லை. நூறைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்கி, மூன்று நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று என்று வைத்த பிறகுதான் 262-க்குப் போக முடியும். 52-இலிருந்து 27-ஐ எல்லாரும் கட்டை அவிழ்த்துப் போட்ட பிறகு இதைக் கொடு. கொடுக்கிற அன்றைக்கு நாலைந்து சிலேட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. சரியா தப்பா என்று நீ குறிக்க வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளையும் எப்படிச் செய்தேன் என்று உன்னிடம் வாயால் என்ன சொன்னது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி அனுப்பு.

அப்பா முறுக்கு பார்சல் போட்டிருக்கிறார், பள்ளி முகவரிக்குத்தான். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா இல்லையா?

அன்புடன்,
அம்மா