கடைசி லீக் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது பற்றி

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை நம் பேட்மிண்டன் இரட்டையர் போட்டி தொடங்குகிறது. காலிறுதியில் பலமான ஜோடியைத் தவிர்க்க, கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றுவிடலாமா என்று சிலர் கேட்டீர்கள். கூடாது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதுதான் நடந்தது. சீனாவின் யூ யாங், வாங் சியாவோலி ஜோடி தங்கள் நாட்டின் இன்னொரு ஜோடியை இறுதிக்கு முன் சந்திக்க விரும்பவில்லை. சர்வீஸை வலையில் அடித்தே தோற்றார்கள். எதிரே நின்ற கொரிய ஜோடிக்கும் ஜெயிக்க மனமில்லை. அரங்கமே கூச்சலிட்டது. மறுநாள், இப்படி ஆடிய சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவைச் சேர்ந்த நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன.

போட்டி அமைப்பிலும் ஓட்டை இருந்தது, உண்மைதான்: லீக்கில் எந்த இடம் பிடித்தால் அடுத்து யாரைச் சந்திக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்தது. அதனால்தான் 2016 ரியோவில் இரண்டாமிடம் பிடித்தவர்களுக்குத் தனிக் குலுக்கல் வந்தது. ஆனாலும் உங்கள் ஆட்டத்தின் முடிவை நம்பிக் காத்திருக்கும், அதே பிரிவிலுள்ள மூன்றாவது ஜோடிக்கு நீங்கள் செய்வது துரோகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாமும் லீக் முடிந்த பிறகே காலிறுதிக்குக் குலுக்குவோம். வேண்டுமென்றே தோற்பது தெரிந்தால் ஒரு எச்சரிக்கை, அப்புறம் நீக்கம். காயமோ களைப்போ இருந்தால் நடுவரிடம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டோம்.